தடுப்பூசி வேண்டாம் என்றவரிடம் வாதாடாமல் காது கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவம்?

திண்ணைச் செவிலி
2021 கொரோனா தடுப்பூசி மெகா கேம்ப் சமயம். ஊசி போடாதவர்கள் பட்டியலில் மிச்சமிருந்த வீடுகளில் அந்தப் பாட்டி வீடும் ஒன்று. நடிகர் விவேக் ஏப்ரல் 15 ஊசி போட்டு 17ஆம் தேதி இறந்ததிலிருந்து நாங்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். பாட்டியும் அதையேதான் சொன்னார்: "நல்லா இருந்த மனுசனையே கொண்டுபோயிருச்சு." எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் அதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்தவர்கள். நான் பதில் சொல்லவில்லை, வெயிலில் நடந்த அலுப்பு வேறு. திண்ணையில் உட்கார்ந்து "அப்புறம் பாட்டி?" என்றேன். முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார். பிறகு சுருக்குப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். பிரஷர் மாத்திரை, அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்தது. "இதைத் திங்கிறவளுக்கு அந்த ஊசியைப் போட்டா நெஞ்சு நின்னுருமா தாயி?" அட்டையில் பாதி அப்படியே இருந்தது. திடீரென்று பிடித்து ஊசி போட்டுவிட்டால் என்ன செய்வது என்று மாத்திரையை நிறுத்தி வைத்திருக்கிறார்!

மாத்திரையை நிறுத்தாதீங்க, ரெண்டும் சேர்ந்தா ஒண்ணும் ஆகாது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பிற்பாடு ஒரு ஞாயிறு முகாம் வரிசையில் நின்றார். சந்தோஷமாகக் கிட்டப் போனால், "உன் பேச்சுக்காக வரலை. ஊசி போடாட்டி நூறு நாள் வேலை கிடையாதுன்னுட்டாக" என்கிறார். நான் உட்கார்ந்து கேட்டதா, 273 ரூபாய் கூலியா? இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

சாக்பீஸ்
2017 பிப்ரவரி, பள்ளிப் பிள்ளைகளுக்கு எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி. வாட்ஸ்அப் பீதி உச்சத்தில் இருந்தபோது ஒரு அப்பா செல்போனை நீட்டிக்கொண்டே பள்ளிக்குள் வந்தார். கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றுப் பிள்ளைக்குக் கண், காது, இதயம் எல்லாம் பாதிக்கும் என்று தலைமையாசிரியர் விளக்க விளக்க, இவர் குரல் ஏறிக்கொண்டே போனது. வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், "இதுல உங்களுக்கு எது பயமா இருக்குண்ணே?" என்று கேட்டேன். மூத்த பெண்ணுக்குச் சின்ன வயதில் ஏதோ ஊசி போட்ட ராத்திரி காய்ச்சலில் வலிப்பு வந்ததாம். ஆட்டோ கிடைக்காமல் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாராம். அதைச் சொல்லும்போது அவர் கை தன் தோளையே தட்டிக்கொண்டிருந்தது, பிள்ளை இன்னும் அங்கே கிடக்கிற மாதிரி. அதற்குப் பிறகு வாட்ஸ்அப் பேச்சே வரவில்லை. ஆனால் பையனுக்கு ஊசியும் போடவில்லை. கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நேர்ப்பேச்சு
செவிலி அக்கா கோபிக்க வேண்டாம். விவேக் விஷயத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் குழுவே அந்த அக்டோபரில் சொல்லிவிட்டது. பாட்டி சும்மா இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டுதானே இருப்பார்? ரேஷன் கடை வரிசையில் ஒருவர் இதையே அளந்தபோது நான் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

சாக்பீஸ்
வாயை மூடினார், சரி. ஊசி போட்டுக்கொண்டாரா?

நேர்ப்பேச்சு
உங்கள் ஆளும் போடவில்லையே சார்.

மனநல மாணவன்
என் மாமனாரை பூஸ்டருக்குச் சம்மதிக்க வைத்த கதை பெரிதாக ஒன்றுமில்லை, பேசினேன், வந்தார். முறையைச் சொல்கிறேன், எல்லோருக்கும் உதவும். மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்பார்கள். குடிநோயாளிகளுக்காக உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது இது, பிறகு இன்னொரு உளவியலாளர் ஸ்டீபன் ரோல்னிக்கும் சேர்ந்துகொண்டார். முதலில், அவர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள்: "அப்போ உங்க கவலை பின்விளைவுதான், இல்லையா?" தப்பாகச் சொன்னால் அவரே திருத்துவார், அதில்தான் உள்விஷயம் வரும். தகவல் கொடுக்கும் முன் "எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லட்டுமா?" என்று அனுமதி கேளுங்கள். அப்புறம் பத்துக்கு எத்தனை மார்க் கேளுங்கள்: ஊசி போட்டுக்கொள்ள எவ்வளவு மனசு இருக்கிறது? 3 என்றால் "ஏன் 3தானா?" என்று கேட்கவே கூடாது. "ஏன் பூஜ்யம் சொல்லலை?" என்று கேளுங்கள். போட்டுக்கொள்வதற்கான காரணத்தை அவர் வாயாலேயே சொல்வார். நாம் வாதாடினால் எதிர்க்காரணங்களைத்தான் தேடிப் பிடிப்பார். சாக்பீஸ் சார், நீங்கள் காது கொடுத்துக் கேட்டதோடு நின்றுவிட்டீர்கள். செவிலி அக்கா அனுமதி கேட்டீர்களா என்று பதிவில் இல்லை.

திண்ணைச் செவிலி
தம்பி, பத்துக்கு எத்தனை என்று பாட்டியிடம் கேட்டிருந்தால் கீரைக் காம்பாலேயே அடித்திருப்பார். நேர்ப்பேச்சு சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. ஆனால் நான் பாட்டியிடம் போனபோது அந்த அறிக்கையே வரவில்லை. வந்திருந்தாலும் அவர் கேட்டது மாத்திரையைப் பற்றித்தான். அது போகட்டும், சாக்பீஸ் சார், அந்தப் பையனுக்கு அப்புறமாவது போட்டார்களா?

சாக்பீஸ்
தெரியலைங்க. அந்த மே மாதமே எனக்கு மாறுதல் வந்துவிட்டது.