புதுப்பிப்பு: பிள்ளைகள் எழுதுவதை யார் படிப்பது?

எட்டாம் வகுப்புக் கட்டுரைகளை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பலர் தமிழ் விக்கிப்பீடியாவைச் சொன்னீர்கள். சரி என்று இறங்கிவிட்டோம்.

கொடைக்கானல் மலையில் பூம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள், அதனால் மலைப்பூண்டு பற்றிய கட்டுரையை எடுத்துக்கொண்டோம். "எங்கள் பூண்டுதான் உலகிலேயே சிறந்தது" என்று ஒரு மாணவி சேர்த்தாள். மறுநாள் வரியைக் காணோம். யார் என்ன மாற்றினார்கள் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தில் 'சான்று இல்லை' என்று யாரோ குறித்திருந்தார். நான் சிவப்பு மையில் சுழித்திருந்தால் கண்டுகொண்டிருக்கவே மாட்டாள். முகம் தெரியாத ஆள் நீக்கியதும் ரோஷம் வந்துவிட்டது. பழைய நாளிதழ்களைப் புரட்டி, 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பிடித்து, மேற்கோளோடு போட்டாள். அது நிற்கிறது.

அப்புறம், பிள்ளைகளின் விக்கிப்பீடியா பயனர் கணக்கு பற்றிக் கேட்டவர்களுக்கு: புனைபெயர்தான், பள்ளிப் பெயரும் கூடாது. மழை நாளில் சிக்னல் போய்விடும். அன்றைக்கு நோட்டில் எழுத்து.