மடக்குக் கத்தி: 'பூட்டு' வேண்டாம், 'தாழ்' எனலாம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மடக்குக் கத்தியின் உறுப்புகளுக்குத் தமிழில் பெயர் தேடும் இவ்விவாதத்தில் இதுவரை வந்த பரிந்துரைகளை ஒன்றாக வைத்துப் படித்தேன். 'சிலிப் ஜொயின்ற்' என்பதற்குச் 'சறுக்கு மூட்டு', 'லைனர் லொக்' என்பதற்குப் 'புறணிப் பூட்டு', 'பிரேம் லொக்' என்பதற்குச் 'சட்டகப் பூட்டு' என முன்வைக்கப்பட்டவை ஆங்கிலப் பெயர்களைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றுகின்றன. வெள்ளவத்தையில் என் வீட்டு மேசையில் அட்டையையும் குண்டூசியையும் வைத்து ஒரு கத்தியை வடிவமைத்துக்கொண்டிருக்கிற எனக்கு, விரித்த அலகு எதனால் விரிந்தபடி நிற்கிறது என்பதை அவற்றுள் ஒன்றும் சொல்லவில்லை. மடக்குக் கத்தியைச் செய்பவரும் பயன்படுத்துபவரும் முதலில் அறிய வேண்டியது அதுதான். ஏனெனில் வேலையின் நடுவே அலகு மடிந்தால் அது விழுவது பிடியைச் சுற்றியுள்ள விரல்களின் மேல்.

அலகு நிற்கும் முக்கிய வழிகள் இரண்டு. முதலாவதில், பிடியின் முதுகுப் பக்கம் ஓர் உருக்கு வில் கிடந்து அலகின் அடியை அழுத்திக்கொண்டே இருக்கும். அலகு சுழலும்போது அதன் அடி வில்லைச் சற்றே தூக்கும். முழுமையாக விரிந்ததும் வில் மீண்டும் படிந்து அமரும். அங்கே தடுப்பு என்று எதுவும் இல்லை. வில்லின் எதிர்ப்பை மிஞ்சும் விசை வந்தால் அலகு மடிந்துவிடும். ஆங்கிலத்தில் 'சிலிப் ஜொயின்ற்' எனப்படுவது இதுவே. இதற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டிய தேவையே இல்லை என்பது என் கருத்து. நம்மவர் வழக்கில் 'வில்லுக்கத்தி' என்ற சொல் இருக்கிறது. ஸ்பிறிங்கை 'வில்' என்று சொல்வது இங்கே பாடநூலுக்கும் பட்டடைக்கும் பொதுவானது. பள்ளியில் விற்றராசு பிடித்துப் படித்த எவருக்கும் 'முதுகுவில்' என்றால் விளங்கும். வழக்கில் அச்சொல்லை எல்லா மடக்குக் கத்திக்கும் பொதுவாகச் சொல்வோரும் உண்டு. அதைக் கலைச்சொல்லாக எடுக்கும்போது, வில்லின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கும் கத்தி என்று பொருளை இறுக்கிக்கொள்ளலாம். பொதுப்பெயராக 'மடக்குக் கத்தி' நிற்கட்டும்.

இரண்டாவது வகையில், அலகு திரும்பி வரும் வழியில் ஓர் உறுப்பு குறுக்கே வந்து நிற்கிறது. அதை விலக்காமல் கத்தியை மடக்க முடியாது. இவ்வுறுப்பைத்தான் நண்பர்கள் 'பூட்டு' என்கிறார்கள். நான் மாறுபடுவது இந்த இடத்தில். ஏர் பூட்டுதல், வண்டியில் மாடு பூட்டுதல், வில்லில் நாண் பூட்டுதல் ஆகிய எல்லாவற்றிலும் ஒன்றை மற்றொன்றோடு பிணைப்பதே அவ்வினையின் பொருள். கத்தியில் அந்த உறுப்பு அலகோடு பிணைவதில்லை. வழியை மறிக்கிறது, அவ்வளவே. கதவின் பின்னே குறுக்கே விழும் தாழ்ப்பாளின் வேலையும் அதுதான். ஆகவே 'தாழ்' என்பதை வேர்ச்சொல்லாகவும், இவ்வகைக் கத்திக்குத் 'தாழ்க்கத்தி' என்பதைப் பெயராகவும் முன்மொழிகிறேன். தாழ் என்றால் தாழ்வு என்ற பொருளும் வருமே என்று கேட்கப்படலாம். தாழிடுதல், தாழ் திறத்தல் என்பன எல்லோரும் அறிந்த சொற்கள். தொடரில் வரும்போது குழப்பம் எழாது.

பிரான்சின் ஒப்பினெல் கத்தி இவ்வேறுபாட்டுக்குத் தெளிவான சான்று. 1890இல் அறிமுகமான அக்கத்தியில் முதுகுவில்லும் இல்லை, அலகைத் தடுக்கும் உறுப்பு எதுவும் இருக்கவில்லை; உராய்வால் மட்டுமே அலகு நின்றது. 1955இல்தான் அச்சாணியைச் சூழ்ந்து திரும்பும் உலோக வளையம் சேர்க்கப்பட்டது. வணிகப் பெயர் மாறவில்லை. ஆனால் கையில் வைத்திருப்பவருக்கு அது வேறு கத்தி. சுவிற்சர்லாந்துப் படையினருக்கு 1891 முதல் வழங்கப்பட்டது வில்லுக்கத்தி. 2008இல் அறிமுகமான புதிய படைக்கத்தியில் பெரிய அலகுக்குத் தாழ் வந்துவிட்டது.

அடுத்து, 'லைனர் லொக்'. 1980களில் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வோக்கர் இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்த அமைப்பு இது. பிடியின் வெளிப்புறத் துண்டுக்கு உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டில் ஒரு நாக்கை வெட்டி, அதை உள்நோக்கிச் சற்றே வளைத்து வைப்பார்கள். அலகு விரிந்ததும் நாக்கு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடிக்குப் பின்னே புகுந்துகொள்ளும். கண்டியிலிருந்து எழுதிய நண்பர், "அந்த நாக்கும் வில்தானே, அப்படியானால் இதுவும் வில்லுக்கத்தி ஆகாதா?" என்று கேட்டிருந்தார். இக்கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். ஏறத்தாழ 1.2 முதல் 1.5 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள அந்நாக்கைப் பெருவிரலால் பக்கவாட்டில் எளிதாகத் தள்ளலாம்; அத்திசையில் அது வில்தான். ஆனால் அலகு மடிய முயலும்போது விசை வருவது பக்கவாட்டில் அன்று, நாக்கின் நீளவாட்டில். அப்போது அது வளைவதில்லை; சுவருக்குக் கொடுத்த முட்டுப்போல அமுக்கத்தைத் தாங்கி நிற்கிறது. வில்லாக நகர்ந்து வந்து முட்டாக நிற்பதே இதன் நுட்பம். அலகைத் தாங்கும் விசை முட்டிலிருந்து வருவதால், இதைத் தாழ் வகையில் சேர்ப்பதே முறை.

இதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. நாக்கு தொடும் அலகின் முகம் ஏறத்தாழ 8 பாகை சாய்வாக அராவப்படுகிறது. அச்சாய்வு காரணமாக, முகம் தேயத் தேய நாக்கு இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். சாய்வு மிகுந்தால், அதாவது இரு உலோகங்களுக்கிடையிலான உராய்வுக் கோணத்தைத் தாண்டினால், அலகின் அழுத்தமே நாக்கை வெளியே வழுக்கித் தள்ளிவிடும். மிகவும் குறைந்தால் நாக்கு இறுகி, விடுவிக்க வராது. உராய்வுக் கோணத்தின் தான்சனே உராய்வுக் குணகம். 8 பாகையின் தான்சன் ஏறத்தாழ 0.14; நாக்கு தைத்தேனியமாகவும் அலகு உருக்காகவும் இருந்தால், அவற்றுக்கிடையிலான உராய்வுக் குணகம் பொதுவாக இதைவிடப் பெரியது, ஆகவே நாக்கு வழுக்காது. இம்முகத்துக்குத் 'தாழ்முகம்' என்றும், சாய்வுக்குத் 'தாழ்கோணம்' என்றும் பெயரிட்டால் வரைபடத்தில் இரு சொற்களால் முழுச் செய்தியையும் எழுதிவிடலாம். 'புறணிப் பூட்டுமுகச் சாய்கோணம்' என்று எழுத இடமும் போதாது.

ஆகவே 'லைனர் லொக்' என்பது 'உள்தகட்டுத் தாழ்'. புணர்ச்சி விதிப்படி 'உட்டகடு' என்று எழுத வேண்டும் என்பதை அறிவேன். விற்றராசு என்று எழுதிய மரபு நம்முடையது. இருந்தும் பட்டடையில் அளவுகோலோடு நிற்பவர் ஒரு கணமும் தயங்காமல் வாசிக்க வேண்டும் என்பதால் பிரித்தெழுதுவதை விரும்புகிறேன். கிறிஸ் ரீவ் பரவலாக்கிய 'பிரேம் லொக்' அமைப்பில் தனித்தகடு இல்லாமல் பிடியின் தடித்த பக்கமே நாக்காக வெட்டப்படுகிறது. கையால் இறுகப் பிடிக்கும்போது தாழ் மேலும் உள்ளே அழுந்துகிறது. இதற்குப் 'பிடித் தாழ்' பொருந்தும். முதுகில் நடுவே அச்சுக்கொண்டு சாயும் சட்டத்தால் நிற்பது 'முதுகுத் தாழ்'. ஒப்பினெல் வகை 'வளையத் தாழ்'.

மற்ற உறுப்புகளுக்கு நீண்ட விவாதம் வேண்டியதில்லை. சுழலும் ஆணிக்கு 'அச்சாணி', விரிந்த அலகு போய் முட்டும் ஆணிக்குத் 'தடையாணி'. வாசரை வாசர் என்றே விடலாம். புறக்கோட்டைக் கடையில் வேறு சொல்லைச் சொல்லி எவரும் அதை வாங்கப்போவதில்லை. 'அலகு' மட்டும் எனக்குச் சற்று உறுத்துகிறது. நம் பாடநூல்களில் அளவைக்கும் அதுவே பெயர். வரைபடத்தின் மூலையில் 'அலகு: மி.மீ.' என்றும் நடுவே 'அலகு' என்றும் எழுதினால் படிப்பவர் தடுமாறுவார். வரைபடங்களில் மட்டுமாவது 'கத்தியலகு' என்று எழுதிவிடுவோம்.

எனக்குச் சொல் அகப்படாத உறுப்பு ஒன்று எஞ்சியுள்ளது. உள்தகட்டில் பதித்த, ஏறத்தாழ 1.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு உருக்குக் குண்டு, மடங்கிய அலகிலுள்ள குழியில் விழுந்து, கத்தி சட்டைப்பையில் தானாக விரியாமல் பிடித்துக்கொள்கிறது. இதுவும் விசைக்கு இணங்கி விடுவதால் தாழ் ஆகாது. 'குழிக்குண்டு' என்று தற்காலிகமாகக் குறித்துவைத்திருக்கிறேன், நிறைவாக இல்லை. நகைகளின் கொக்கிகளிலும் பெட்டிகளின் மூடிகளிலும் இதே போன்ற சிறு மேடும் குழியும் உண்டு. செட்டியார் தெருப் பொற்கொல்லர்களோடு பழக்கமுள்ளவர்கள், அவர்கள் அதை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதினால், புதிதாக ஆக்குவதற்கு முன் அச்சொல்லைப் பொருத்திப் பார்க்கலாம்.