'பவுன்ஸ் கீஸ்' என்பதற்குத் தமிழ்ச்சொல்: 'மறுவிழுகைத் தடுப்பு' என்னும் பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கணினியின் அணுகல்தன்மை அமைப்புகளை, அதாவது கை நடுக்கம் போன்ற இடர் உள்ளவர்களும் கணினியை எளிதாகப் பயன்படுத்த உதவும் அமைப்புகளை, தமிழாக்கும் பட்டியலில் 'பவுன்ஸ் கீஸ்' என்னும் ஒரு தலைப்பு மட்டும் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. விசைப்பலகையில் ஒரே விசை (கீ) சிறிது நேரத்துக்குள் மீண்டும் அழுத்தப்பட்டால் அதை ஏற்காமல் விடும் அமைப்பு இது. 'துள்ளும் விசைகள்', 'மீள்விசை', 'பிழைத்தட்டு நீக்கி', 'இரட்டிப்புத் தடை' என நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. நான்கையும் ஏற்க முடியாததற்கு எனக்குள்ள காரணங்களையும், அவற்றுக்கு மாற்றாக நான் முன்வைக்கும் சொல்லையும் கீழே எழுதியிருக்கிறேன். மடல் சற்று நீளம், பொறுத்தருள்க.

சென்ற ஆண்டு ஒரு கோயில் குடமுழுக்கு மலருக்கு மெய்ப்புப் பார்த்தேன். 'தேர் வடம் பிடித்தவர்கள்' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'தேர் வட்டம் பிடித்தவர்கள்' என்றிருந்ததைத் திருத்தினேன். அடுத்த பக்கத்தில் 'தேர் ஓடிய ஆண்டு' என்பது 'தேர் ஓட்டிய ஆண்டு' என்று மாறியிருந்தது எனக்குத் தெரியவே இல்லை. தொடர் இலக்கணப்படி சரியாகவே இருந்ததால் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது; மலர் அச்சாகி வந்தபின், கையெழுத்துப் படியை வைத்திருந்த பெரியவர் சொல்லித்தான் அறிந்தேன். பக்கம் கட்டிய இடத்துக்குப் போய் விசைப்பலகையைப் பார்த்தபோது, எழுத்துக் கோக்கும் அம்மா 'ட' விசையை ஒரு முறை மெல்லத் தொட்டுக் காட்டினார். திரையில் 'ட்ட' வந்தது. "இந்த ஒரு கீதான் சார், எழுத்து ரெண்டு ரெண்டா விழுது" என்றார். அவர் வாயில் இயல்பாக வந்த 'விழுது' என்னும் வினையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திரும்பி வருகிறேன்.

இந்தக் கோளாறு எல்லா மொழியிலும் உண்டு. ஆனால் தமிழில், அதிலும் தமிழ்99 விசைப்பலகையில், அது ஒளிந்துகொள்ளும் விதமே வேறு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி உருவாகித் தமிழ்நாட்டு அரசின் தரமாக ஏற்கப்பட்ட இவ்வமைப்பில், ஒரே மெய்க்குரிய விசையை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும். 'பக்கம்', 'அம்மா', 'பட்டம்' ஆகியவற்றைப் புள்ளி விசையைத் தேடாமல் விரைவாக எழுத முடிவது இதனால்தான். தமிழின் இயல்பை நன்கறிந்து செய்த ஏற்பாடு இது. ஆனால் விசை தேய்ந்து ஒரு தட்டு இரண்டாகப் பதியும்போது, அந்த நல்ல ஏற்பாடே பிழைக்குப் புள்ளி வைத்துச் சொல்லாக்கிக் கொடுத்துவிடுகிறது. படம் பட்டமாகும், கதி கத்தியாகும், வீடு என்னும் எழுவாய் வீட்டு என்று வேற்றுமைக்குரிய வடிவம் கொள்ளும். ஓடினார் ஓட்டினார் என்றும், மாறினார் மாற்றினார் என்றும், ஆடினார் ஆட்டினார் என்றும் தன்வினை பிறவினையாகும். இவற்றில் எதையும் சொற்பிழை திருத்தி சுட்டாது, ஏனெனில் எதுவும் சொற்பிழை அன்று.

பழைய தட்டச்சு வரிசையில் எழுதுவோருக்கு இந்த இடர் இல்லை. அங்கே புள்ளி தானாக வருவதில்லை என்பதால் 'வடடம்' என்று அப்பட்டமாகக் கண்ணில் படும். ஒலிபெயர்ப்பு முறையில் ரோமன் எழுத்தை அடித்துத் தமிழ் பெறுவோருக்கோ இடர் உயிரெழுத்தில் வருகிறது. அகரத்துக்குரிய விசை இருமுறை பதிந்தால் குறில் நெடிலாகி, மலை மாலையாகும், கல் காலாகும். ஆகவே இது ஏதோ ஓர் ஓரத்து அமைப்பு என்று எண்ணி, ஆங்கிலத் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

காரணத்தையும் சுருக்கமாகப் பார்ப்போம். இயந்திர விசைகள் கொண்ட விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தும்போது உள்ளே இரண்டு உலோகத் தொடுமுனைகள் மோதுகின்றன. மோதியவை உடனே அமைவதில்லை. சில மில்லி வினாடிகளுக்குள் பலமுறை விலகித் தொட்டு, பிறகே நிலைகொள்கின்றன. ஆங்கிலத்தில் பவுன்ஸ் என்று முதலில் பெயர் பெற்றது இந்த நுண்ணிய அதிர்வுதான். விசைப்பலகைக்குள் இருக்கும் சில்லு சிறிது நேரம் பொறுத்திருந்து இந்த அதிர்வைப் புறக்கணித்துவிடும். விசைப்பலகைகளுக்கான திறமூல நிரலான கியூஎம்கே-யில் இந்தப் பொறுமைக் காலம் இயல்பாக 5 மில்லி வினாடி. தொடுமுனை தேய்ந்தோ களிம்பேறியோ போனால் அதிர்வு அந்த வரம்பையும் கடந்து நீடிக்கும். அப்போது சில்லு அதை இரண்டாவது தட்டு என்று எடுத்துக்கொள்கிறது.

நாம் பெயர் தேடும் அமைப்போ இதற்காக முதன்மையாகச் செய்யப்பட்டதன்று. கை நடுக்கம் உள்ளவர்கள் ஒரு விசையைத் தொட்டு எடுக்கும்போது விரல் மறுபடி அதன்மேல் படுவது உண்டு. ஒரே விசை குறிப்பிட்ட நேரத்துக்குள் மீண்டும் அழுத்தப்பட்டால் அதை ஏற்காமல் விடுவது அவர்களுக்கான உதவி. விண்டோசில் அந்த நேரத்தை அரை வினாடி முதல் 2 வினாடி வரை வைக்கலாம். இதைத் தேய்ந்த விசைப்பலகைக்குத் தற்காலிக மருந்தாகவும் பலர் பயன்படுத்துகிறார்கள்.

இங்கேதான் 'பிழைத்தட்டு நீக்கி' என்பதை நான் வலுவாக மறுக்க வேண்டியிருக்கிறது. பணி ஓய்வுக்குப்பின் நடுக்குவாதம் வந்த என் பெரியப்பா, தம் ஊரின் கதையைத் தாமே கணினியில் எழுத வேண்டும் என்று நாள்தோறும் ஒரு பத்தியாவது அடிப்பார். வலக்கை மணிக்கட்டை இடக்கையால் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தொடுவார். தமக்கு உதவ வந்த அமைப்பைத் திறந்ததும் 'உன் தட்டு பிழை' என்று அது அவருக்குச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. அணுகல்தன்மைக்குரிய கலைச்சொல், பயன்படுத்துவோரின் உடலைக் குறையாகப் பேசக் கூடாது.

'துள்ளும் விசைகள்' என்பதில் வேறு இடர்ப்பாடு. ஆங்கிலத்தில் இவ்வகை அமைப்புகளுக்கு 'கீஸ்' என்று முடியும் பெயர் வைப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. தமிழில் 'துள்ளும் விசைகள்' என்று கண்டவர் அப்படிச் சில விசைகள் பலகையில் எங்கே இருக்கின்றன என்றுதான் தேடுவார். 'துள்ளும் விசைகளை இயக்கு' என்றால் துள்ளலை வரவழைப்பது என்றும் பொருள்படும். அமைப்பு செய்வது அதற்கு நேர்மாறான வேலை. ஆயினும் துள்ளல் நல்ல சொல். அதை உரிய இடத்தில், அதாவது உலோக முனைகளின் அதிர்வைக் குறிக்க, 'தொடுமுனைத் துள்ளல்' என்று வைத்துக்கொள்ளலாம். 'மீள்விசை' வேண்டவே வேண்டாம். பள்ளி இயற்பியலில் அலைவுகளைப் படித்த எவருக்கும் அது சுருள்வில்லை மையத்துக்கு இழுக்கும் விசை (ஃபோர்ஸ்).

'இரட்டிப்புத் தடை' என்று பரிந்துரைத்த அம்மையாரின் சொல்லை நான் முதலில் ஆதரிக்கவே எண்ணினேன். ஆனால் இரட்டித்தல் நம் இலக்கணத்தில் முறையாக நிகழும் ஒரு விதி. தமிழ்99-இல் 'க்க', 'ட்ட' என்று நாம் விரும்பி அழுத்திப் பெறுவதும் அதுதான். வேண்டியதற்கும் வேண்டாததற்கும் ஒரே பெயர் வைத்தால், இந்த அமைப்பினால் தமிழ் எழுதுவோருக்கு நேரும் ஒரு பக்கவிளைவை விளக்கவே சொல் இல்லாமல் போகும். அந்த விளைவு சிறியதன்று. நேரத்தை அரை வினாடி என்று வைத்துக்கொண்டு வழக்கமான வேகத்தில் 'அம்மா' என்று தமிழ்99-இல் எழுதினால், இரண்டாவது மகரம் ஏற்கப்படாமல் 'அமா' என்று நிற்கும், பட்டம் படமாகிவிடும். ஓட்டினாரைத் தடுக்கப் போய் ஓட்டினாரே வேண்டிய இடத்திலும் ஓடினார் வந்துவிடும்.

ஆகவே, எழுத்துக் கோக்கும் அந்த அம்மாவின் வினைக்கு வருகிறேன். தட்டச்சுப்பொறிக் காலத்திலிருந்தே எழுத்து 'விழுகிறது', 'விழவில்லை', 'அழுத்தமாக விழுகிறது' என்றுதான் தொழிலில் இருப்போர் சொல்லி வருகிறார்கள். அதிலிருந்து 'விழுகை' என்று பெயரெடுத்து, ஒரு தட்டுக்கு எழுத்து மறுபடியும் விழுவதை 'மறுவிழுகை' என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. 'விழுகை' காதுக்குப் புதிதாக இருக்கும் என்று தயங்குவோர் வருகை, அழுகை, தொழுகை ஆகியவற்றை நினைத்துப் பார்க்கலாம். 'இரட்டை விழுகை' என்று நான் வைக்காததற்குக் காரணம், மிகத் தேய்ந்த விசையில் மூன்று எழுத்தும் விழும் என்பதே. காரணம் உலோகமா விரலா என்று இச்சொல் தீர்ப்புச் சொல்வதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறது. அமைப்பின் தலைப்பு 'மறுவிழுகைத் தடுப்பு' என்று அமையும்.

இதில் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. விசையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் எழுத்து வரிசையாக வருவதை 'தொடர்விழுகை' எனலாம். இது கோளாறன்று, பின்னோக்கி அழிக்கவும் வரிகளில் நகரவும் நாள்தோறும் நமக்குத் தேவைப்படுவது. ஒரு நண்பர் இதற்கு 'அளபெடை' என்று சொன்னது அழகான நினைவு. எனினும் அளபெடை ஒலியின் மாத்திரை நீள்வதைக் குறிப்பது. ட விசையைப் பிடித்திருந்தால் டகரங்கள் வரிசையாக வருவதில் நீளும் ஒலி எதுவும் இல்லை. இப்போது இரண்டுக்கும் 'விசை மீள்வு' என்று ஒரே பெயர் வழங்குவதால், எழுத்து இரண்டாக விழுகிறது என்று வருந்துபவர் தொடர்விழுகையை அணைத்துவிட்டு, கோளாறு தீரவில்லையே என்று திகைக்கிறார். நான் உதவச் சென்ற இடங்களில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

தலைப்பின் கீழ் வரும் விளக்கத்தை இப்படி வைக்கலாம்: 'ஒரே விசை கீழ்க்கண்ட நேரத்துக்குள் மீண்டும் அழுத்தப்பட்டால் ஏற்க வேண்டாம். தமிழ்99-இல் ஒற்று இரட்டிக்கும் சொற்களை எழுதும்போது இந்நேரம் கடந்தபின் இரண்டாம் முறை அழுத்தவும்.' இரண்டாவது தொடர் ஆங்கில மூலத்தில் இல்லை என்பதை அறிவேன். மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்ற கேள்வி எழும்; தமிழ் எழுதுபவருக்கு மட்டும் நேரும் விளைவைத் தமிழ்ப் பதிப்புத்தானே சொல்ல வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ஒரு வரிக்குமேல் இடமில்லை என்று நிரலாளர்கள் சொன்னால் அதை உதவிப் பக்கத்துக்கு நகர்த்தலாம்.

ஷிப்ட் போன்ற விசைகளைப் பிடித்துக்கொண்டிருக்காமல் ஒவ்வொன்றாக அழுத்த உதவும் 'ஸ்டிக்கி கீஸ்' என்பதற்கு வந்துள்ள 'ஒட்டும் விசைகள்' பற்றியும் எனக்குத் தயக்கம் உண்டு. தேநீர் சிந்திய விசைப்பலகையைத்தான் நாம் ஒட்டுகிறது என்போம். அதைத் தனி மடலில் எழுதுகிறேன். 'மறுவிழுகை', 'தொடர்விழுகை', 'தொடுமுனைத் துள்ளல்' ஆகிய மூன்றுக்கும் மறுப்பிருந்தால் மாற்றுச் சொல்லுடன் எழுதுங்கள். ஈழத்திலும் மலேசியாவிலும் அச்சுக்கூடங்களில் 'விழுதல்' இதே பொருளில் வழங்குகிறதா, வேறு வினை உண்டா என்பதை அங்குள்ள நண்பர்கள் கேட்டுச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

அன்புடன்,
மெய்ப்புத் திருத்தும் நண்பன்