'விக்டோரியா' மாதிரி ஒரே ஷாட், காசிமேட்டுல: எதையெல்லாம் கவனிக்கணும்?

கல்மண்டபம்_13:
செபாஸ்டியன் ஷிப்பரோட 'விக்டோரியா' (2015) பார்த்தவங்க சொல்லுங்க. பெர்லின்ல ஒரு கிளப்ல ஆரம்பிச்சு, பேங்க் கொள்ளை, துப்பாக்கிச் சூடுன்னு விடியற வரைக்கும் 138 நிமிஷம் ஒரு கட் கூட இல்லாம போகும். அதே முறையில 25 நிமிஷக் குறும்படம் எடுக்கணும். வட சென்னை கல்மண்டபத்துல இருட்டுல தொடங்கி, ஷேர் ஆட்டோ ஏறி, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துல வெளிச்சம் வர்றப்ப முடியணும். நடிகர்கள் நாலு பேர். எந்த மாசம், எத்தனை மணி? கிம்பல் (கேமரா ஆடாம மோட்டாரால சமன் பண்ற பிடி) வாடகைக்கு எடுக்கலாமா?

விடிகாலை_வெளிச்சம்:
முதல்ல நேரத்தை முடிவு பண்ணுங்க, மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான். 'விக்டோரியா' குழு 2014 ஏப்ரல் 27 அதிகாலை நாலரை வாக்குல கேமராவை ஓடவிட்டு ஏழு மணி கிட்ட நிறுத்தினாங்க. பெர்லின்ல சூரியன் சாய்வா ஏறும். முகம் தெரியற வெளிச்சம் வந்த பிறகும் சூரியன் தலைகாட்ட அந்த மாசத்துல 40 நிமிஷம் கிட்ட ஆகும். நம்ம ஊர்ல செங்குத்தா ஏறிடும், 22 நிமிஷம்தான். உங்க 25 நிமிஷத்துக்கு இது கச்சிதம்.

மே கடைசியில உதயம் 5.40 தாண்டி. 5.05க்கு ஆரம்பிச்சா 5.20க்கு வானம் நீலமாகும், 5.30க்கு முகம் தெளிவா தெரியும். அதோட முடிச்சிடுங்க. துறைமுகத்துல கடல் கிழக்கே இருக்கு. சூரியன் மேல வந்துட்டா கடலைப் பின்னணியா வச்ச ஆள் எல்லாம் கறுப்பாத்தான் விழுவாங்க.

இன்னொரு காரணம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு அத்தனையும் கரையோரம் வரிசையா நிக்கும், ஏலக் கூட்டமும் இன்ஜின் சத்தமும் குறைஞ்சிருக்கும். துறைமுக அனுமதியும் போலீஸ் அனுமதியும் எழுத்துல வாங்கிக்கங்க.

ஃபோகஸ்_வளையம்:
கிம்பல் வேண்டாம். ஷேர் ஆட்டோல ஏறும்போது கம்பியில இடிச்சா மோட்டார் தடுமாறி ஃப்ரேம் சாய்ஞ்சிடும், நடு ஷாட்ல சரி பண்ண முடியாது. 'விக்டோரியா'வோட ஒளிப்பதிவாளர் ஸ்டுர்லா பிராண்ட் க்ரோவ்லன் கேனான் சி300 கேமராவைக் கையிலயே தூக்கிட்டு ஓடினார். பெர்லின் விழாவுல ஒளிப்பதிவுக்காக வெள்ளிக் கரடி வாங்கினதும் அந்த வேலைக்குத்தான். அந்தக் கேமரா நொடிக்கு 50 மெகாபிட்ல பதியும், 140 நிமிஷத்துக்கு 52 ஜிபி சொச்சம். ஒரே 64 ஜிபி கார்டுல முழுப் படமும் அடங்கிடும். உங்க கேமரா அரை மணியில தானா நிக்குதா, சூட்டுல அணையுதான்னு வீட்டுலயே 40 நிமிஷம் ஓடவிட்டுப் பாருங்க.

ஆட்டோ எக்ஸ்போஷரை, அதாவது கேமரா தானா வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கறதை, அணைச்சிடுங்க. தெருவிளக்கு ஒன்னைக் கடக்கும்போதெல்லாம் படம் மூச்சு வாங்கற மாதிரி ஏறி இறங்கும். 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50, அப்பத்தான் நம்ம 50 ஹெர்ட்ஸ் விளக்குல மினுக்கல் வராது. ஒயிட் பேலன்ஸை (எந்த வெளிச்சத்தை வெள்ளையா எடுத்துக்கணும்ங்கற அமைப்பு) ஒரே எண்ல பூட்டுங்க, அப்பத்தான் விடியல் நீலமா தெரியும். இருட்டுலேர்ந்து வெளிச்சத்துக்கு நாலஞ்சு ஸ்டாப் குறைக்கணும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகறது). ஐஎஸ்ஓ, அதாவது கேமராவோட ஒளி உணர்திறனை, மாத்தினா வெளிச்சம் படி படியா குதிக்கும். ஆட்டோக்குள்ள ஏறும்போது ஒருத்தர் முதுகு ஃப்ரேமை மறைக்கும் பாருங்க, அந்த ரெண்டு நொடியில மாத்திடுங்க. மிச்சத்தை லென்ஸ் துளையைச் சுருக்கற க்ளிக் இல்லாத அபெர்ச்சர் வளையத்துல மெதுவா மூடுங்க.

ஏறும் வரிசையும் முக்கியம். கேமராமேன் முதல்ல ஏறி டிரைவருக்கு முதுகு காட்டி உட்காரணும். கடைசியா ஏறினா நாலு பேரோட பிடரிதான் கிடைக்கும்.

லேப்பல்_மைக்:
ஒத்திகையைப் பத்தி யாரும் சொல்லலையே. 'விக்டோரியா' திரைக்கதை 12 பக்கம்தான், வசனம் பெரும்பாலும் நடிகர்கள் அங்கேயே பேசினது. முதல்ல பத்து பத்து நிமிஷத் துண்டா எடுத்துப் பழகிட்டுத்தான் முழு ஷாட்டுக்குப் போனாங்க. முழு ஷாட் மொத்தம் மூணு. முதல் தடவை ரொம்ப ஜாக்கிரதையா இருந்துட்டாங்க, ரெண்டாவது அளவு மீறிப் போச்சு, மூணாவதுதான் நாம பார்க்கற படம். நீங்களும் மூணு விடியல் ஒதுக்குங்க. ஒரு நாளைக்கு ஒரு டேக்தான், பத்து நிமிஷம் பிந்தினா அன்னிக்கு எடுக்காதீங்க.

சத்தத்துக்கு நாலு பேருக்கும் தனித்தனி லேப்பல் (சட்டையில குத்தற சின்ன மைக்), பாக்கெட்ல சின்ன ரெக்கார்டர். கடல்காத்துக்கு மைக்ல ரோம உறை இல்லாம போகவே கூடாது. படத்தையும் சத்தத்தையும் பொருத்த தொடக்கத்துல ஒரு கிளாப், முடிவுல இன்னொன்னு. 25 நிமிஷத்துல ரெக்கார்டர் கேமராவை விட்டு லேசா விலகும், ரெண்டாவது கிளாப் இருந்தாத்தான் எவ்வளவுன்னு தெரியும். அந்தப் படத்துலயே சில இடத்துல பேச்சை மொத்தமா அடக்கி நில்ஸ் ஃப்ராம் இசையை மட்டும் விட்டிருப்பாங்க. ஆட்டோ ஓடற பகுதிக்கு அந்த வழியை இப்பவே யோசிச்சு வைங்க, அங்க வசனம் கேட்காது.