ஷிப்ட் மாறும்போது நின்று பேச வேண்டுமா, லாக் புக் போதாதா?

மில்காரன்: எங்கள் நூல் மில்லில் இந்த மாதம் முதல் புது உத்தரவு. ஷிப்ட் முடிந்தவர் மெஷின் பக்கத்தில் நின்று, அடுத்து வருபவரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதற்குச் சம்பளம் கிடையாது. லாக் புக்கில்தான் எல்லாம் எழுதி வைக்கிறோமே, பிறகு எதற்கு இது?

ஃபிட்டர்: எழுதினால் மட்டும் போதாது அண்ணே. ஸ்காட்லாந்துக்கு அப்பால் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை இருந்தது. 1988 ஜூலை 6 அன்று பகல் ஷிப்டில் ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, அந்த இடத்தைத் தகடு வைத்து மூடினார்கள். வேலை முடியவில்லை என்று, வேலைக்கு அனுமதி தரும் பர்மிட் தாளிலும் எழுதினார்கள். ராத்திரி வந்தவர்களிடம் யாரும் வாயால் சொல்லவில்லை. மற்ற பம்ப் நின்றதும் இதை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் செத்தார்கள்.

மில்காரன்: அது தாளின் கோளாறு தம்பி. ஒரே பம்ப்புக்கு இரண்டு பர்மிட் இருந்தது. ராத்திரிக்காரர்கள் கையில் கிடைத்தது மற்றொன்று. தாள் முறையாக இருந்திருந்தால் பேச்சே தேவைப்பட்டிருக்காது.

நைட் டூட்டி நர்ஸ்: எங்கள் ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். நோட்டில் 'டிரிப்ஸ் போகிறது' என்று எழுதியிருந்தது. கட்டில் பக்கத்தில் நின்று டூட்டி வாங்கும்போதுதான் பார்த்தோம், மருந்து நரம்பில் ஏறாமல் பாட்டியின் புறங்கை வீங்கிக் கிடந்தது. எழுதியவர் பொய் எழுதவில்லை. அவர் எழுதும்போது போய்க்கொண்டுதான் இருந்தது.

ஃபிட்டர்: எனக்கும் நடந்தது. நூல் நூற்கும் மெஷினைப் பற்றி 'ஏழாம் நம்பர் ஃப்ரேமில் சத்தம்' என்று எழுதிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். அடுத்தவருக்கு எந்தச் சத்தம் என்று தெரியவில்லை. ஃப்ரேம் ஓடும்போது எல்லாமே சத்தம்தானே! விடிவதற்குள் பேரிங் போய்விட்டது. அவர் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டியிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். லாக் புக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைத் திறந்து வைத்துக்கொண்டே பேசுவோம்.

மில்காரன்: சரி, ஃப்ரேம் விஷயம் நியாயம். ஆனால் மாதம் 26 ஷிப்ட், தினம் பத்து நிமிடம் என்றால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கூலி இல்லாமல் நிற்கச் சொன்னால், "ஒன்றுமில்லை, பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடுவார்கள்.

ஃபிட்டர்: கூலி கேட்க நானும் உங்களோடு வருகிறேன். அது வரும்வரை பேசாமல் போகலாம் என்றால் மட்டும் ஒப்ப மாட்டேன். ராத்திரி அந்த ஃப்ரேமில் கை வைக்கப்போகிறவர் நம் ஆள் அண்ணே.