வார்டுப் பயிற்சியில் மாணவியை மதிப்பதும் கண்டிப்பதும்

வார்டு டியூட்டர்: பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் செமஸ்டர் மாணவியருக்கு மெடிக்கல் வார்டில் பயிற்சி அளிக்கிறேன். கற்கும் சுதந்திரத்தைப் பற்றி 1969-இல் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் எழுதிய நூல், ஆசிரியரிடம் ஒளிவுமறைவின்மை, மாணவரை அவராகவே ஏற்கும் மதிப்பு, அவர் நிலையில் நின்று உணரும் பரிவு ஆகிய மூன்றையும் எதிர்பார்க்கிறது. வகுப்பறையில் இவை இயல்பாகவே கைகூடுகின்றன. ஆனால், மில்லிலிட்டருக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினை 40 யூனிட்டுக்குரிய சிவப்பு மூடி சிரிஞ்சில் மாணவி எடுக்கும்போது, நோயாளிக்கு இரண்டரை மடங்கு மருந்து போய்விடுமே என்று பதறும் நான், அங்கே எப்படி நடந்துகொள்வது?

ஓய்வுபெற்ற பேராசிரியை: கையைப் பிடித்து நிறுத்துங்கள், மேடம், அதில் தத்துவச் சிக்கல் எதுவும் இல்லை. ரோஜர்ஸ் சொல்லும் ஏற்பு மாணவிக்கு உரியது, அவர் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் உரியதன்று. ‘இதைச் செலுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்’ என்று நேராகச் சொல்வதும் அந்த ஒளிவுமறைவின்மையில் அடங்கும். பிறகு, நோயாளிக்குக் கேட்காத இடத்தில், எப்படிக் கணக்கிட்டார் என்பதை அவரையே விளக்கச் சொல்லுங்கள். சிவப்பு மூடி சிரிஞ்சும் 100 யூனிட்டுக்குரிய ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் ஒரே தட்டில் கலந்து கிடந்தன என்பது அப்போதுதான் தெரியவரலாம். நோயாளியின் முன்னால் அதட்டு வாங்கிய மாணவி அதைச் சொல்லமாட்டார், அடுத்த முறை தவறையே மறைக்கவும் கூடும்.

குழந்தைகள் நலப் பிரிவு டியூட்டர்: ஒரு திருத்தம். தொடக்கநிலையினர் விதிகளைப் பற்றிக்கொண்டே செயல்படுவர், சூழலைப் படிக்கும் திறன் அனுபவத்தில்தான் வரும் என்பதை செவிலியக் கல்வியாளர் பாட்ரிசியா பென்னர் 1984-இல் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆகவே மூன்றாம் செமஸ்டரில் மருந்தளவை இருவர் சரிபார்ப்பது கட்டாயமாகவே இருக்கட்டும். எந்த நோயாளியைப் பொறுப்பேற்பது, எதை முதலில் கற்பது என்பவற்றில் தேர்வுரிமை தரலாம்.

மனநலச் செவிலியப் பிரிவு டியூட்டர்: எனக்கு உள்ள ஐயம் வேறு. இன்டர்னல் மதிப்பெண் போடுபவரும் நாமே என்னும்போது, ‘மனம் திறந்து பேசுங்கள்’ என்ற அழைப்பை எந்த மாணவி நம்புவார்? செவிலியக் கல்வியாளர்களான பெவிஸும் வாட்சனும் 1989-இல் அளவிடக்கூடிய நடத்தை இலக்குகளையே சார்ந்த பாடத்திட்டத்தைக் கேள்விக்குட்படுத்தினார்கள். மாணவி செய்த பயிற்சிகளைப் பதியும் நம் லாக் புக்கோ இன்றும் எத்தனை ஊசி போட்டார் என்றே எண்ணுகிறது. பணி முடிந்தபின் நடக்கும் கலந்துரையாடலுக்கு மதிப்பெண் கிடையாது என்று முதல் நாளே அறிவித்து, அதன்படி நடந்துகொண்டால் ஓரளவு பயன் இருக்கும்.

வார்டு டியூட்டர்: மதிப்பெண் பற்றிய யோசனையை அடுத்த பேட்சில் நடைமுறைப்படுத்த முடியும். சிரிஞ்சுத் தட்டுகளைப் பிரித்து வைப்பது வார்டு இன்சார்ஜ் சிஸ்டரின் பொறுப்பு என்பதால், அவரிடம் இன்றே பேசுகிறேன்.