வெளி லைனுக்கு 0 வேண்டுமா, வேண்டாமா?

மண்டபம்_இறால்:
எங்கள் ஆபீசில் பழைய இபிஏபிஎக்ஸைக் (ஆபீஸ் போன்களை இணைக்கும் பெட்டி) கழற்றிவிட்டு, அதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்யும் ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளைப் போடுகிறோம். இருபது போன். பழையதில் எக்ஸ்டென்ஷன் (ஆபீசுக்குள் ஒவ்வொரு போனுக்கும் உள்ள எண்) 101 முதல் 120 வரை. 0 அடித்தால் வெளி லைன். எல்லாருக்கும் கை பழகிவிட்டது. அப்படியே வைக்கலாம் என்பது என் எண்ணம்.

கீழக்கரை_வயர்:
வைக்காதீர்கள் அண்ணே. முதலில் அந்த 101 வரிசையை எடுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஐஸ் பிளாண்டிலும் இதே எண்கள்தான். லோடு ஏற்றும்போது ஐஸ் பார் சரிந்து ஒருவருக்குக் கால் முறிந்தது. கணக்குப்பிள்ளை பதறிப்போய் 108 அடித்தார். மணி அடித்தது பேக்கிங் ரூமில். வைத்துவிட்டு மறுபடி அடித்தார், மறுபடியும் பேக்கிங் ரூம். தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112 எல்லாம் அந்த வரிசைக்குள்தான் கிடக்கின்றன. கடலோரத்தில் நமக்குக் கோஸ்ட் கார்டின் 1554, மெரைன் போலீசின் 1093 வேறு வேண்டும். 1-ல் தொடங்கும் எக்ஸ்டென்ஷனே கூடாது. அப்புறம், அந்த 0-வையும் எடுத்துவிடுங்கள்.

மண்டபம்_இறால்:
108 விஷயம் நெஞ்சில் குத்துகிறது, 1-ஐ விட்டுவிடுகிறேன். 201-லிருந்து போடுகிறேன். ஆனால் 0 எதற்குப் போக வேண்டும்?

கீழக்கரை_வயர்:
201-ம் இழுக்கும். ராமநாதபுரம் லேண்ட்லைன் எண்கள் 2-ல் தொடங்கும் ஆறு இலக்கம். 201 அடித்தால், இன்னும் மூன்று இலக்கம் வருமோ என்று சிஸ்டம் சில வினாடி காத்து நிற்கும்.

மண்டபம்_இறால்:
பாய், நீங்களே என் பக்கம் பேசுகிறீர்கள். வெளியே போக 0 என்று இருந்தால் இந்த மோதலே வராதே!

கீழக்கரை_வயர்:
உண்மைதான். ஆனால் 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு எப்படியும் 0 சேர்க்க வேண்டும். உங்கள் முறையில் அது இரண்டு 0. அந்தப் பழக்கத்தோடு ஒருவர், 0 இல்லாத கிளை ஆபீசில் போய் 94-ல் தொடங்கும் மொபைலுக்கு அடிக்கட்டும்: 0094! 00 என்றால் வெளிநாடு, 94 என்றால் இலங்கை. இலக்கம் ஒன்று குறைவதால் கால் போகாது. இவரோ அந்த மொபைல் அணைந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

ராமேஸ்வரம்_நெட்:
இரண்டு பேரும் 00-ஐத் திறந்தே வைத்திருக்கிறீர்களே. ஒரு போனின் பாஸ்வேர்டு கசிந்தால் ராத்திரியோடு ராத்திரியாக வெளிநாட்டுக் கால்களாகப் போய்விடும். இலங்கையின் தலைமன்னார் நமக்குப் பக்கம்தான் என்றாலும் பில்லில் அது ஐஎஸ்டிதான். எக்ஸ்போர்ட் பார்ப்பவருக்கு மட்டும் பின் நம்பர் கொடுங்கள், மற்றவர்களுக்கு அடையுங்கள்.

மண்டபம்_இறால்:
சரி, 00-ஐ அடைக்கிறேன். எக்ஸ்டென்ஷன் 301-லிருந்து. 0 மட்டும் இருக்கும். ஐம்பது வயது ஆட்களை நான் மாற்ற மாட்டேன். 108, 112, 1554, 1093 நான்கும் 0 போட்டாலும் போகும், போடாவிட்டாலும் போகும்.

கீழக்கரை_வயர்:
0 பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் அந்த நான்குக்கும் இரண்டு ரூட் எழுதுவது நல்ல வேலை அண்ணே. சில சிப் ட்ரங்கில் (இன்டர்நெட் வழியாக வரும் போன் லைன்) இந்தக் குறுகிய எண்கள் போகாது. பழைய லேண்ட்லைன் ஒன்றைக் கழற்றாமல் இதற்கென்றே வைத்திருங்கள்.